அப்பாவின் ஹோண்டாவுக்கு வீட்டிலேயே குரோம் பூசலாமா?

பழைய ஹோண்டா சி70 ஒன்றைப் புதுப்பிக்கும் ஆசை நம் இளைஞர்கள் பலரிடம் இருக்கிறது. தாத்தா தோட்டத்தில் ஓட்டியது, அப்பா வேலைக்குப் போனது என்று ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கதை உண்டு. இன்ஜினைச் சரிசெய்து, பெயிண்டும் அடித்துவிடுவார்கள். துருப்பிடித்த ரிம்மும் சைலன்சரும்தான் கண்ணை உறுத்தும். "ஒரு பேட்டரி சார்ஜர், ஒரு வாளி, கொஞ்சம் ரசாயனம் போதும், நாமே குரோம் போடலாம்" என்று நண்பர் யாராவது சொல்வார்.

சொல்வதில் பாதி உண்மை. கரைசலில் இருக்கும் உலோகம் மின்னோட்டத்தால் இரும்பின்மேல் படிவதுதான் முலாம். ஆனால் நாம் பார்க்கும் பளபளப்பில் குரோம் அடுக்கு பெரும்பாலும் அரை மைக்ரான்கூட இருக்காது. அதன் அடியில் பல மடங்கு தடிப்பாக நிக்கல் இருக்கும். துருவை உண்மையில் தடுப்பது அதுதான். அடிப்பரப்பில் கீறல் இருந்தால் முலாம் அதை மறைக்காது, இன்னும் எடுத்துக்காட்டும். ஆகவே முக்கால்வாசி வேலை தேய்ப்பதும் மெருகேற்றுவதும்தான்.

ஆபத்து கடைசி அடுக்கில் இருக்கிறது. வழக்கமான குரோம் தொட்டியில் இருப்பது குரோமிக் அமிலம். மின்சாரம் பாயும்போது குமிழிகள் வெடித்து, நுண்ணிய சாரலாகக் காற்றில் கலக்கும். அதில் உள்ள ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியான ஒன்று. மூக்கின் நடுச்சுவரையே அது துளைத்துவிடும். பட்டறையில் புகையை உறிஞ்சும் ஏற்பாடு இருக்கும். தாமான் வரிசை வீட்டின் பின்புறத்தில் பிள்ளைகளின் துணிதான் காயும். மிச்சத்தைக் கால்வாயில் ஊற்றவும் கூடாது. குரோமியம் கலந்த கசடு, மலேசியாவில் 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அட்டவணைக் கழிவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மின்சாரம் கொண்டு துரு நீக்கும்போது சிலர் எதிர்முனையில் எவர்சில்வர் கரண்டியைத் தொங்கவிடுகிறார்கள். அதிலிருந்தும் இதே நச்சுக் குரோமியம் வெளிவரலாம். சாதாரண இரும்புத் துண்டு போதும். அதையும் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும்.

மேலோட்டமான துருவுக்கு இவ்வளவு பாடு தேவையே இல்லை. அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போய்விடும். பிறகு மெழுகு பூசுங்கள், மழைக்குத் தாங்கும். குழி விழுந்திருந்தால் ஸ்போக்குகளைக் கழற்றி, ரிம்மை மட்டும் முலாம் பட்டறைக்குக் கொடுங்கள். நிக்கல் அடுக்கு போடுவார்களா என்று கேளுங்கள். ரிம்மில் பொறித்த பழைய எழுத்துகள் வேண்டுமென்றால், மெருகேற்றுபவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். தேய்த்தபின் அவை திரும்பி வராது.