பூதங்கள் ஆடியது நம் ஊர்த் தாளத்துக்கு

போன கல்வியாண்டில் எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்காக ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை வைத்து ஒரு குழுப்பாடல் தயார் செய்தேன். அதில் ஒரு மாணவிக்கு மட்டும் சுருதி சேரவில்லை. நான்கு நாள் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள், “நீ பாட வேண்டாம்மா, வாயை மட்டும் அசை” என்றேன். மேடையில் அழகாக வாயசைத்தாள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. நல்ல யோசனை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டேன்.

அதே வகுப்பில் பெஞ்சைத் தட்டிக்கொண்டே இருக்கும் மாணவன் ஒருவன் உண்டு. இலக்கணம் நடத்தினாலும் தட்டுவான், செய்யுள் நடத்தினாலும் தட்டுவான். அப்பா நையாண்டி மேளத்தில் தவில் வாசிப்பவர். அவனை எத்தனை முறை வெளியே நிற்க வைத்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

இந்த ஆண்டு இருவரும் எட்டாம் வகுப்பு. சிறார் திரைப்பட விழாவுக்கு வரும் படங்களை ஆர்வமாகப் பார்க்கும் வகுப்பு என்பதால், மன்றப் பாடவேளைகளில் வேறொரு படத்தையும் காட்டலாம் என்று தோன்றியது. நான் தேர்ந்தெடுத்தது ஒரு வங்காளப் படம். சத்யஜித் ராய் இயக்கி 1969இல் வெளிவந்த ‘கூபி காயென் பாகா பாயென்’. காயென் என்றால் பாடுபவன், பாயென் என்றால் வாத்தியம் வாசிப்பவன். படம் பார்த்த பிறகு வகுப்பில் நடந்தவற்றை எழுதத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முதலில் படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இந்தக் கதையை எழுதியவர் ராயின் தாத்தா உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி. சிறுவர்களுக்காக 1913இல் அவர் தொடங்கிய ‘சந்தேஷ்’ இதழில் 1915இல் வந்தது. வங்காளத்தில் பாட்டிமார் சொல்லும் கதைபோலவே ஆகிவிட்ட ஒன்று. நின்றுபோயிருந்த அந்த இதழை 1961இல் பேரன் மறுபடியும் தொடங்கினார். பெரியவர்களுக்கான கனமான படங்களையே எடுத்துக்கொண்டிருந்த ராயிடம், சிறுவனாக இருந்த அவர் மகன் சந்தீப் தனக்கும் ஒரு படம் வேண்டும் என்று கேட்டான். அப்படித்தான் இந்தப் படம் உருவானது.

கதை எளிமையானது. கூபிக்குப் பாட ஆசை, குரல் சரியில்லை. விடிகாலையில் ராஜாவின் தூக்கத்தைக் கெடுத்ததற்காக அவனைக் கழுதை மேல் ஏற்றி ஊரைவிட்டு விரட்டுகிறார்கள். பாகாவுக்கு மேளம் அடிக்க ஆசை, கை சரியில்லை. அவனையும் அவன் ஊர்க்காரர்கள் விரட்டுகிறார்கள். (கூபியின் ஊர்ப்பெயர் ஆம்லோகி, பாகாவின் ஊர்ப்பெயர் ஹரிதகி. ஒன்று நெல்லிக்காய், மற்றது கடுக்காய். தான்றிக்காய்தான் பாக்கி!) இருவரும் மூங்கில் காட்டில் சந்திக்கிறார்கள். இலையிலிருந்து சொட்டும் நீர் பாகாவின் மேளத்தில் விழும் ஓசையைக் கேட்டுத்தான் கூபி அவனைக் கண்டுபிடிக்கிறான். பிறகு ஒரு புலி வந்து போகிறது. பயம் தெளிந்த மகிழ்ச்சியில் இருவரும் பாடி, அடித்து, ஆடுகிறார்கள். அதைக் கேட்டுப் பூதங்கள் வருகின்றன. பூதராஜா மூன்று வரம் தருகிறார். இருவரும் கைதட்டிக் கேட்டால் வேண்டிய உணவும் உடையும் வரும். மந்திரச் செருப்பைப் போட்டுக்கொண்டால் நினைத்த ஊருக்குப் போகலாம். அவர்களுடைய இசையைக் கேட்பவர் அசையாமல் அப்படியே நின்றுவிடுவார்கள். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு இரண்டு நாடுகளுக்கு இடையே வரவிருந்த போரைத் தடுக்கிறார்கள்.

விரட்டப்பட்ட பாட்டுக்காரர்களின் கதை உலகெங்கும் இருக்கிறது. கிரிம் சகோதரர்களின் ‘பிரமன் நகர இசைக்குழு’ கதையில், வயதாகிவிட்டதென்று ஒதுக்கப்பட்ட கழுதையும் நாயும் பூனையும் சேவலும் சேர்ந்து கத்தித் திருடர்களை ஓட வைக்கின்றன. அதே 1969இல்தான் சோவியத் நாட்டில் அந்தக் கதையும் பாட்டுகள் நிறைந்த கார்ட்டூன் படமாக வந்தது.

ராயிடம் மந்திர தந்திரப் படத்துக்கு வேண்டிய பணம் இல்லை. முழுப்படத்தையும் வண்ணத்தில் எடுக்க முடியாமல் கருப்பு வெள்ளையில் எடுத்தார். கடைசிக் காட்சி மட்டும் வண்ணத்துக்கு மாறுகிறது. அந்த இடத்தில் எங்கள் பிள்ளைகள் ‘ஹே’ என்று கத்தியதைக் கேட்க வேண்டுமே! நல்ல ராஜாவாகவும் கெட்ட ராஜாவாகவும் சந்தோஷ் தத்தா என்ற ஒரே நடிகர்தான் நடித்தார். திரைக்கதை, பாடல்கள், இசை, உடை வடிவமைப்பு எல்லாம் ராயே பார்த்துக்கொண்டார். பூதராஜாவின் குரலும் அவருடையதுதான். தன் குரலைப் பதிவு செய்து, கருவியில் மாற்றி, மனிதக் குரல்போலத் தோன்றாதபடி செய்தார். மந்திரச் செருப்புப் பயணத்துக்குப் பெரிய தந்திரக் காட்சி கிடையாது. கைதட்டுவார்கள், அடுத்த நொடி வேறு ஊரில் இருப்பார்கள். அவ்வளவுதான். எட்டாம் வகுப்புப் பிள்ளை செல்போனில் செய்துவிடக்கூடிய வெட்டும் ஒட்டும்.

அந்தச் செருப்பில் தமிழாசிரியர்களுக்கு ஒரு பரிசு இருக்கிறது. அவர்கள் போக வேண்டிய ஊர் ஷுண்டி. பெயரைத் தப்பாக உச்சரித்து ஒரு தடவை பனிமலையில் போய் விழுகிறார்கள், இன்னொரு தடவை பாலைவனத்தில். ல, ள, ழ வேறுபாட்டுக்கு நான் இத்தனை வருடம் சொல்லிவந்த எடுத்துக்காட்டுகளையெல்லாம் விட்டுவிட்டேன். இப்போது யாராவது ‘பலம்’ வாங்கப் போகிறேன் என்றால் வகுப்பே “பனிமலை, பனிமலை” என்கிறது.

நான் அதிக நேரம் செலவிட்டது பூதங்களின் ஆட்டத்தில்தான். ஆறு நிமிடத்துக்கும் மேல் ஓடும் அந்தக் காட்சியில் வசனம் இல்லை, பாட்டும் இல்லை, வெறும் தாளம்தான். நான்கு கூட்டமாகப் பூதங்கள் வருகின்றன: ராஜாக்கள், சாதாரணக் குடியானவர்கள், வெள்ளைக்காரத் துரைகள், தொந்தி பெருத்தவர்கள். முதலில் தனித்தனியாக ஆடுகிறார்கள், பிறகு தங்களுக்குள்ளேயே அடித்துக்கொள்கிறார்கள். கடைசியில் நான்கு கூட்டமும் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு வரிசையில் ஆடுகிறது. யாரோடும் யாரும் கலப்பதில்லை. வங்காளத்தின் பழைய சமூகமே செத்துப் பூதமாகி ஆடுவதுபோல இருக்கும்.

வங்காளப் பூதங்கள் எந்தத் தாளத்துக்கு ஆடுகின்றன? ராய் எடுத்துக்கொண்டது நம்முடைய தாளவாத்தியக் கச்சேரியை. ராஜாக்களுக்கு மிருதங்கம், குடியானவர்களுக்குக் கஞ்சிரா, துரைகளுக்குக் கடம், தொந்திக்காரர்களுக்கு மோர்சிங். மிருதங்கம் செவ்வியல் வாத்தியம் என்பதால் ராஜாக்களுக்கு. கஞ்சிராவில் பாதி நாட்டுப்புற வாடை இருப்பதால் குடியானவர்களுக்கு. கடத்தின் விறைப்பான ஓசை துரைகளுக்கு. மோர்சிங்கின் ‘டொய்ங்’ தொந்திக்கு. ஒரு மெட்டும் இல்லாமல், நான்கு கருவிகளை வைத்தே யார் யார் என்று காதுக்குச் சொல்லிவிடுகிறார்.

இது நமக்கு அந்நியமான வித்தை இல்லை. திருவரங்கத்துப் பிள்ளைகள் மார்கழியில் அரையர் சேவை பார்த்திருப்பார்கள். தலையில் கூம்புக் குல்லாய், கையில் ஒரு ஜோடித் தாளம், இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு பாசுரத்தை நடித்துக் காட்டுகிறார் அரையர். கடம் என்றால் மானாமதுரை. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் நமக்குப் பக்கத்து ஊரான புதுக்கோட்டையின் மான்பூண்டியா பிள்ளை. திருச்சியிலிருந்து ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணம். இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு நிமிர்வு வந்தது. (முன்பு கஞ்சிராவுக்கு உடும்புத் தோல் கட்டுவார்கள் என்றதும் கேள்விகள் கிளம்பின. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பற்றி அறிவியல் ஆசிரியர் ஒரு பாடவேளையே எடுத்தார்.)

பெஞ்சு தட்டும் மாணவன் அன்று எழுந்து கேட்டான். “ஏன் டீச்சர், ராஜாவுக்குத்தான் மிருதங்கமா? விவசாயிக்குக் கொடுக்கக் கூடாதா?”

படத்தை எடுத்தவர் அப்படி யோசித்தார் என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் கஞ்சிராவின் கதையே அவனுக்குப் பதிலாக இருந்தது. மேடையில் இடமில்லாமல் இருந்த ஒரு சின்னக் கருவி, ஒரு மனிதரின் விரல்களால் மிருதங்கத்துக்குச் சமமாக உட்கார்ந்தது. எந்த ஓசை உயர்ந்தது என்பதை யாரோ முடிவு செய்கிறார்கள், இன்னொருவர் வந்து அதை மாற்றுகிறார். இதை அவனிடம் சொன்னபோது, தவிலைப் பற்றியும் சேர்த்துத்தான் கேட்டிருக்கிறான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

வாயசைத்த மாணவி படம் முழுவதும் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்து வகுப்புக்குப் போகும்போது பக்கத்தில் வந்தாள். “டீச்சர், கூபிக்கு வரம் கிடைச்சதாலதானே பாட்டு வந்துச்சு. வரம் கிடைக்காதவங்க என்ன பண்ணுவாங்க?”

எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து அந்தப் பகுதியைத் தனியாக மறுபடியும் போட்டுப் பார்த்தேன். ஒரு விஷயம் அப்போதுதான் கண்ணில் பட்டது. பூதங்கள் வந்து ஆடும்போது கூபிக்கும் பாகாவுக்கும் இன்னும் வரம் கிடைக்கவில்லை. அந்த மோசமான பாட்டையும் மேளத்தையும் கேட்டுத்தான் பூதராஜா மகிழ்ந்துபோகிறார். வரம் அதற்குப் பிறகுதான். ஊர் விரட்டிய ஓசையைக் கடைசிவரை உட்கார்ந்து கேட்ட முதல் ஆள் அவர். மறுநாள் அவளிடம் இதைச் சொன்னேன். ஆண்டு விழாவில் நான் செய்தது தப்பு என்பதையும் சொன்னேன். “பரவால்ல டீச்சர்” என்றாள். பரவாயில்லை என்று சொல்லும்போது பிள்ளைகள் நம் முகத்தைப் பார்ப்பதில்லை.

இந்தப் படத்தைக் காட்ட விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள். படம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். நான் நான்கு பாடவேளைகளாகப் பிரித்துக்கொண்டேன். மொழி வங்காளம். கீழே ஓடும் ஆங்கில வரிகளைப் படித்துப் புரிந்துகொள்வது பிள்ளைகளுக்குக் கடினம். அதனால் ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் கதையைத் தமிழில் சொல்லிவிட்டுப் போட்டேன். பாட்டுகளுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பூதங்களின் ஆட்டம் பயமாக இருக்கலாம். முதலில் ஒலியை மட்டும் கேட்கவைத்து, எந்த ஓசை குண்டு, எந்த ஓசை ஒல்லி என்று விளையாடிவிட்டுப் படத்தைக் காட்டினால் பயம் சிரிப்பாகிவிடும். முழுப்படத்துக்கு நேரமில்லை என்றால் போர்க்களக் காட்சியையாவது காட்டுங்கள். பட்டினி கிடக்கும் படைவீரர்கள் போருக்குக் கிளம்பும் நேரத்தில் வானத்திலிருந்து இனிப்புப் பானைகள் இறங்குகின்றன. ஆயுதத்தைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். சத்துணவு மணிக்கு ஓடும் பிள்ளைகளுக்கு அதற்குமேல் உரை எதுவும் வேண்டாம்.

இதன் தொடர்ச்சியாக 1980இல் வந்த ‘ஹீரக் ராஜார் தேஷே’ நம் ஆசிரியர் அறையிலேயே பார்க்க வேண்டிய படம். அதில் ராஜா பள்ளிக்கூடத்தை மூடுகிறான். எதிர்த்து நிற்பவர் ஒரு பள்ளி ஆசிரியர். படத்தில் எல்லோரும் எதுகை மோனையில் பேச, அவர் மட்டும் சாதாரண உரைநடையில் பேசுவார்.

இப்போது எட்டாம் வகுப்பு பூதங்களின் ஆட்டத்தை ஆண்டு விழாவுக்குத் தயார் செய்கிறது. செலவு என்று ஒன்றும் இல்லை. இருபது லிட்டர் தண்ணீர்க் கேன்தான் மிருதங்கம். சத்துணவுத் தட்டில் சோடா மூடிகளைக் கட்டியது கஞ்சிரா. கடம் மட்டும் அசல் மண்பானை, அதுவும் இரண்டு உடைந்துவிட்டன. மோர்சிங் வாயால்தான். தாளம் சொல்லிக்கொடுப்பவன் பெஞ்சு தட்டும் மாணவன். “தகதிமி தகஜுணு” என்று அப்பா வாயால் சொல்வதை அப்படியே சொல்கிறான். நானும் தட்டிப் பார்த்தேன். இரண்டாவது சுற்றில் தவறிவிட்டேன், அவன் என்னை வெளியே நிற்க வைக்கவில்லை. எங்கள் ஆட்டத்தில் குடியானவர்களுக்குத்தான் மிருதங்கம் என்று வகுப்பு ஒருமனதாக முடிவு செய்திருக்கிறது.

பூதராஜாவின் குரலுக்கு யார் என்ற கேள்வி வந்தபோது யாரும் கையைத் தூக்கவில்லை. ஒரு வாரம் கழித்து வாயசைத்த மாணவி வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குடத்தின் வாயில் முகத்தை வைத்து, “என்ன வரம் வேண்டும், கேள்” என்றாள். பக்கத்து ஐந்தாம் வகுப்பிலிருந்து இரண்டு பிள்ளைகள் எட்டிப் பார்த்துவிட்டு ஓடினார்கள். குரல் இன்னும் கொஞ்சம் முழங்கினால் நன்றாக இருக்கும் என்று அவளே சொல்கிறாள். அதற்காகப் பெரிய குடம் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.