மூன்று நிமிடங்களில் ஒரு மாணவரை அறிய முடியுமா?

மருத்துவம் படிக்க வருபவருக்குப் பாட அறிவு மட்டும் போதாது; பொறுமையும் பரிவும் வேண்டும் என்கிறோம். அவற்றை நேர்முகத் தேர்வால் அளக்க முடியுமா? தமிழ்நாட்டில் இக்கேள்வி ஒருமுறை உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

1970-இல் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கு மொத்தம் 275 மதிப்பெண்கள். பாடங்களுக்கு 200, நேர்முகத் தேர்வுக்கு 75. சென்னை நகரக் கல்லூரிகள் சேர்ந்து ஓர் அலகு. வெளியூர்க் கல்லூரி ஒவ்வொன்றும் தனி அலகு. அலகுக்கொரு தேர்வுக்குழு. பெரியகருப்பன் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் நீதிமன்றம் இம்முறையின் குறைகளைச் சுட்டியது. நேர்முகத்துக்கு 75 மதிப்பெண் மிகுதி. மூன்று நிமிடப் பேச்சில் ஒருவரின் திறனை அறிவது அரிது. விளையாட்டு, உடல்திறன், பொதுத்திறன் எனத் தலைப்புவாரியாக வழங்க வேண்டிய மதிப்பெண்களைக் குழுக்கள் மொத்தமாக வழங்கியது சட்டப்படி தவறு. அலகுவாரித் தேர்வும் செல்லாது என்றானது.

நம்பகத்தன்மை என்றால் என்ன?

அதே மாணவர் வேறு நாளில், வேறு குழு முன் அமர்ந்தாலும் ஏறத்தாழ அதே மதிப்பெண் பெற்றால் அத்தேர்வு நம்பகமானது. மொத்தமாக மதிப்பெண் இடும்போது முதல் பதில் தந்த நல்லெண்ணமோ, தயக்கமான தொடக்கமோ எல்லாவற்றின் மீதும் படிந்துவிடும். ஆங்கிலம் சரளமாகப் பேசும் மாணவர் அறிவாளியாகத் தோன்றுவார். குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகும் மாணவர் தடுமாறினால் திறனற்றவராகத் தோன்றுவார்.

பல சிறு சந்திப்புகள்

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் இதற்கு ஒரு மாற்று வழி கண்டது. ஒரே அறையில் ஒரு குழு கேள்வி கேட்பதற்குப் பதிலாக, மாணவர் பத்து நிலையங்களுக்கு ஒவ்வொன்றாகச் செல்வார். மருந்து உண்ண மறுக்கும் முதியவரிடம் எப்படிப் பேசுவது என்பது போன்ற ஒரு சூழல் ஒவ்வொன்றிலும் இருக்கும். எல்லோருக்கும் அதே சூழல்கள். நிலையத்துக்கு நிலையம் வேறு மதிப்பீட்டாளர்.

117 விண்ணப்பதாரர்களிடம் செய்த இந்த ஆய்வு 2004-இல் வெளியானது. நம்பகத்தன்மை 0.65. முழு நம்பகம் என்றால் 1. ஒரு சூழலில் சிறந்தவர் இன்னொன்றில் சறுக்குவதும் தெரிந்தது. ஆகவே ஓர் அறையில் மதிப்பீட்டாளர்களைக் கூட்டுவதைவிட, சந்திப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதே கூடுதல் பயன் தரும்.

நம்பகத்தன்மை வேறு, ஏற்புடைமை வேறு என்பதையும் மறக்கக்கூடாது. தவறான பண்பையும் ஒரே சீராக அளந்துவிட முடியும். எதை அளக்கிறோம் என்பதை முதலில் தெளிவாக்க வேண்டும்.

நம் வகுப்பறையில்

அரசு ஒதுக்கீட்டு எம்.பி.பி.எஸ். இடங்களுக்கு இன்று நேர்முகத் தேர்வு இல்லை. ஆனால் செய்முறைத் தேர்வின் வாய்மொழி வினா, வாசிப்புச் சோதனை, பேச்சுப் போட்டி என நாமும் நாள்தோறும் நேரில் பார்த்தே மதிப்பிடுகிறோம். அங்கே இவற்றைக் கடைப்பிடிக்கலாம்:

• வினாக்களையும் அளவுகோலையும் முன்கூட்டியே எழுதி வைத்தல்.
• அனைவரிடமும் அதே வினாக்களைக் கேட்டல்.
• ஒவ்வொரு கூறுக்கும் தனி மதிப்பெண்ணை உடனே குறித்தல்.
• இரு ஆசிரியர்கள் இருந்தால், கலந்து பேசுமுன் தனித்தனியே மதிப்பிடுதல்.
• ஒரே நாளில் முடிக்காமல், பல நாள்களில் சிறு சிறு வாய்ப்புகள் தருதல்.

முதல் வினாவில் தடுமாறிய மாணவருக்கு ஐந்தாவது வினாவில் தன்னைக் காட்ட இடமிருக்க வேண்டும். அந்த இடத்தைத் தருவது மதிப்பிடுபவரின் கடமை.