‘சகலதும் கிடைக்கும்’ போர்டைக் கழற்றிய கதை

“உங்கள் கடை எதற்குப் பேர்போனது?” என்று ஒரு வழிப்போக்கர் கேட்டால், ஒரே வசனத்தில் உங்களால் பதில் சொல்ல முடியுமா? என்னால் முடியவில்லை. பதினான்கு வருடங்கள் கல்லாப்பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தும் முடியவில்லை. அதற்கு நான் கொடுத்த விலையை வர்த்தக சகோதரர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

குருநாகல் மாவட்டத்தில், தென்னந்தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு சிறு பட்டணம் எங்களுடையது. வாப்பா 1984இல் அங்கே ஒரு ஹார்ட்வெயார் கடை திறந்தார். பைப், எல்போ, சொக்கட், தண்ணீர் மோட்டர், வாளி, கயிறு. அவ்வளவுதான். 2008இல் கடை என் கைக்கு வந்தது. நான் பெயின்ட் சேர்த்தேன். பிறகு மின்சார சாமான்கள், பிளாஸ்டிக் கதிரை, கண்ணாடிப் பாத்திரம், திரைச்சீலை, பிளாஸ்டிக் பூ என்று ஒவ்வொன்றாக ஏறின. கடைசியில், உயர்தரம் முடித்த தம்பிக்காக ஒரு போன் பகுதியும் வந்தது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. பக்கத்துக் கடைக்காரர் விற்கிறார். ஒரு வாடிக்கையாளர் கேட்டார். கொழும்பிலிருந்து வந்த சேல்ஸ் ரெப் மூன்று மாதக் கடன் தந்தார். கடை வாசலில் ‘சகலதும் கிடைக்கும்’ என்று பெரிய போர்டும் மாட்டினேன்.

எனக்குத் தூரநோக்கு இல்லாமலும் இருக்கவில்லை. ஒரு கருத்தரங்குக்குப் போய்வந்த உற்சாகத்தில் ‘தரமான பொருள், சிறந்த சேவை, நியாய விலை’ என்று எழுதி, பிரேம் போட்டுச் சுவரில் தொங்கவிட்டிருந்தேன். அதே பிரேமை ஒரு பேக்கரியில் மாட்டினாலும் பொருந்தும், பாமசியில் மாட்டினாலும் பொருந்தும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

2022 வந்தது

2022 மார்ச்சில் ரூபாவின் பெறுமதி சரியத் தொடங்கியது. 200 ரூபா அளவில் இருந்த டொலர் இரண்டு மாதங்களுக்குள் 350 ரூபாவைத் தாண்டியது. சப்ளையர்கள் கடனை நிறுத்தி, “காசு தந்தால் சாமான்” என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கும் அதே நெருக்கடிதான். ஆனால் என் கையில் காசு இல்லை. என் காசு முழுவதும் றாக்கைகளில் இருந்தது. அரிசிக்கும் காஸுக்கும் வரிசையில் நிற்கிற மக்கள் திரைச்சீலை வாங்குவார்களா? ஏற்கனவே கொடுத்திருந்த செக்குகள் திரும்பாமல் இருக்க, மனைவியின் நான்கு வளையல்களைச் செட்டியார் தெருவுக்குக் கொண்டுபோய் விற்றேன்.

அந்த நாட்களில்தான் ஒரு பைப் பாஸ் கடைக்கு வந்தார். வாப்பா காலத்திலிருந்து எங்களிடம் சாமான் எடுப்பவர். முக்கால் இஞ்சி வால்வ் சொக்கட் கேட்டார். இல்லை என்றேன். அவர் கடையைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டு, “முதலாளி, உங்கட வாப்பா இருந்த காலத்தில் பைப் சாமானுக்கு நாங்கள் வேறு கடை ஏறியதில்லை. இப்போது இங்கே பூவும் இருக்கிறது, போனும் இருக்கிறது. எனக்கு வேண்டியதுதான் இல்லை” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது அதிகமாகச் சுட்டது.

பழைய கொப்பிகள் சொன்ன உண்மை

ஒவ்வொரு ரமழானிலும் ஸகாத்துக்காக ஸ்டொக் எடுப்பது எங்கள் வழக்கம். மொத்தத் தொகையைப் பார்த்து, 2.5 வீதத்தைக் கணக்கிட்டுவிட்டுக் கொப்பியை மூடிவிடுவேன். அன்றிரவு அந்தப் பழைய கொப்பிகளை எடுத்து, முதற்தடவையாகப் பகுதி பகுதியாகப் பார்த்தேன். சில திரைச்சீலைகள் மூன்று கொப்பிகளிலும் இருந்தன. ஒரே துணிக்கு மூன்று வருடம் ஸகாத் கொடுத்திருக்கிறேன்!

2021ஆம் வருடக் கணக்கை எடுத்து இரண்டு பகுதிகளை ஒப்பிட்டேன். பைப் சாமான்களில் சராசரியாக 6 இலட்சம் முடங்கியிருந்தது. அது வருடத்தில் ஆறு தடவை சுழன்று, கொள்முதல் விலையில் 36 இலட்சத்துக்குச் சாமான் போயிருந்தது. 100 ரூபாவுக்கு 18 ரூபா இலாபம் வைத்தால், வருடத்துக்கு 6 இலட்சத்து 48 ஆயிரம். திரைச்சீலையில் 9 இலட்சம் முடங்கியிருந்தது. சுழன்றது ஒரே ஒரு தடவை. 100க்கு 40 வைத்தும் கிடைத்தது 3 இலட்சத்து 60 ஆயிரம். அதாவது பைப்பில் போட்ட 100 ரூபா வருடத்தில் 108 ரூபா உழைத்தது. திரைச்சீலையில் போட்ட 100 ரூபா 40 ரூபாதான் உழைத்தது. நானோ இவ்வளவு காலமும் ‘40 வீதம் இலாபம்’ என்று திரைச்சீலையை முன் றாக்கையில் அடுக்கிவைத்திருந்தேன்.

கஷ்டமான முடிவு

திரைச்சீலையையும் பூவையும் அடக்க விலைக்கே விற்றுத் தீர்த்தேன். அது இலகு. கஷ்டமானது போன் பகுதி. அது நட்டத்தில் ஓடவில்லை. சிறிதளவு இலாபமும் தந்தது. ஆனால் காலையில் கடை திறந்ததும் ரீலோட், டிஸ்பிளே, சார்ஜர் என்று என் கவனத்தில் பாதியை அது விழுங்கியது. வாசலில் பாஸ்மார் காத்துநிற்பார்கள். அந்தப் பகுதியை நடத்தியது என் கூடப்பிறந்த தம்பி. அவனுடைய பங்கையும் ஸ்டொக்கையும் கொடுத்து, பஸ் நிலையத்தருகே தனிக் கடை போடச் சொன்னேன். “நானா என்னைக் கடையை விட்டு இறக்கிவிட்டார்” என்று உம்மாவிடம் சொல்லி அழுதான். இரண்டு மாதங்கள் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பெருநாளன்றுதான் வந்தான். இன்று அவன் கடை நன்றாக ஓடுகிறது. ஆனாலும் அந்த இரண்டு மாதங்களை என்னால் மறக்க முடியாது.

பெரிய கம்பனிகளுக்கும் இந்த வியாதி வந்ததுண்டு. டென்மார்க்கில் ஒரு தச்சர் 1932இல் தொடங்கிய லீகோ விளையாட்டுப் பொருள் கம்பனி, உடுப்பு, பூங்கா என்று பல பக்கமும் கை நீட்டி, 2003, 2004ஆம் வருடங்களில் பெரும் நட்டத்தில் விழுந்தது. புதிய தலைமை வந்து, 2005இல் பூங்காக்களின் பெரும்பங்கை விற்று, துண்டு வகைகளையும் வெகுவாகக் குறைத்து, தன் பிளாஸ்டிக் கட்டைகளுக்கே திரும்பியது. கம்பனி தப்பிப் பிழைத்தது. நம் புறக்கோட்டையும் இதைத்தானே சொல்கிறது? தங்கத்துக்குச் செட்டியார் தெரு, துணிக்கு இரண்டாம் குறுக்குத் தெரு, சீனி பருப்புக்கு நான்காம் குறுக்குத் தெரு. யாரும் வழி கேட்பதில்லை. கால் தானாகவே போகிறது.

இன்று எங்கள் கடையின் தூரநோக்கு ஒரே வசனம்: ‘இந்தப் பட்டணத்தைச் சுற்றிப் பத்து மைலுக்குள் யாருக்குத் தண்ணீர்ப் பிரச்சினை வந்தாலும் முதலில் ஞாபகம் வருவது எங்கள் கடையாக இருக்க வேண்டும்.’ இதனால் சாமான் வகை குறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பைப் சாமான் வகை முன்பைவிடக் கூடியிருக்கிறது. தண்ணீர்த் தாங்கி, மோட்டர் உதிரிப்பாகம், மோட்டர் திருத்துவதற்கு ஒரு தம்பி எல்லாம் இருக்கிறது. பாஸ்மாருக்காகக் காலை ஆறரைக்கே கடை திறக்கிறோம். யாராவது புதுச் சாமான் கொண்டுவந்தால் அந்த வசனத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். பொருந்தாவிட்டால், எவ்வளவு கடன் தந்தாலும் வேண்டாம் என்கிறேன்.

முதல் வருடம் விற்பனை குறைந்தது உண்மை. “முன்பு இருந்ததே, ஏன் இல்லை?” என்று முகம் சுளித்துப் போனவர்களும் உண்டு. ஆனால் இப்போது மாத முடிவில் செக் திகதியைப் பார்த்து எனக்கு நெஞ்சு படபடப்பதில்லை.

உங்கள் கிராமத்தில் ஒரே கடைதான் என்றால், சகலதும் விற்பதே உங்கள் நோக்கமாக இருக்கலாம். அதில் தவறில்லை. யாருடைய எந்தத் தேவைக்காகக் கடை திறந்திருக்கிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இன்றிரவு கடை சாத்திய பிறகு ஒரு கொப்பியை எடுங்கள். பகுதிவாரியாக முடங்கிய காசு, வருடத்தில் சுழன்ற தடவை, கிடைத்த இலாபம் மூன்றையும் எழுதுங்கள். நாளைக் காலை உங்கள் பழைய வாடிக்கையாளர்கள் மூவரிடம், “எதற்காக எங்கள் கடைக்கு வருகிறீர்கள்?” என்று கேளுங்கள். கொப்பியும் அவர்களும் ஒரே பதிலைச் சொன்னால், அதுவே உங்கள் தூரநோக்கு. அதற்குப் பிரேம் தேவையில்லை.

வளையல்களில் இரண்டை மீண்டும் வாங்கிக் கொடுத்துவிட்டேன். மற்ற இரண்டும் பாக்கி இருக்கிறது.