வில்லியம்ஸும் அமர்ஸ்ற்றும்

தொழிற்கல்வியை முதன்மையாகக் கொள்ளாது, இலக்கியம், வரலாறு, கணிதம், விஞ்ஞானம் முதலியவற்றை நான்காண்டு ஒருங்கே பயிற்றும் சிறு கல்லூரிகள் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே பல உள. பல்கலைக்கழகங்களிற் போலப் பட்டமேற்படிப்பு மாணாக்கரைக் கொண்டு வகுப்பு நடத்தும் வழக்கம் இவற்றில் இல்லை. முதலாண்டு மாணாக்கனும் பேராசிரியரிடமே நேரிற் பாடங் கேட்பான். இவ்வகையின் மசாசூசெற்ஸ் மாநிலத்து வில்லியம்ஸ், அமர்ஸ்ற் என்னும் இரண்டும் நெடுங்காலம் பெயர்பெற்றவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2,000 மாணாக்கரைக் கொண்டது. இரண்டும் செல்வ வளம் மிக்கவை. தரவரிசைப் பட்டியல்களிலும் இரண்டும் அருகருகே நிற்பவை. அயல்நாட்டு மாணாக்கன் ஒருவன் இவற்றுள் ஒன்றைத் தெரியவேண்டின் எதனைக் கொண்டு தெரிவான் என்பது ஆராயத்தக்கது. அப்பட்டியல்கள் அவனுக்குச் சிறிதும் உதவா.

இவ்விரு கல்லூரிகளின் ஒற்றுமைக்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. வில்லியம்ஸ் 1793 இல் மாநிலத்தின் வடமேற்கு மூலையிலுள்ள மலைநாட்டிலே தோன்றியது. அதன் தலைவராயிருந்த செபனையா சுவிப்ற் மூர் என்பார், அவ்விடம் உலகினின்றும் மிக ஒதுங்கியுள்ளதெனக் கருதி, 1821 இல் மாணாக்கர் சிலருடன் வெளியேறி, புதிதாய் எழுந்த அமர்ஸ்ற் கல்லூரிக்கு முதற்றலைவரானார். அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையே முதன்முதல் நடைபெற்ற பேஸ்போல் ஆட்டமும் 1859 இல் இவ்விரண்டிற்குமிடையே நிகழ்ந்ததே. அமர்ஸ்ற் 73க்கு 32 என வென்றது. யாழ்ப்பாணத்தார்க்கும் வில்லியம்ஸுடன் ஒரு தொடர்புண்டு. 1806 இல் அங்கு மழைக்கஞ்சி வைக்கோற்போரின் கீழ் ஒதுங்கிய மாணாக்கர் ஐவரின் எண்ணமே பின்னர் அமெரிக்க மிசன் சங்கமாக வளர்ந்தது. அச்சங்கத்தார் 1816 இல் யாழ்ப்பாணம் வந்து, 1823 இல் வட்டுக்கோட்டையிற் செமினரியை நிறுவினர்.

மூரை வெளியேறச் செய்த காரணம் இருநூறு ஆண்டு கழிந்தும் முற்றாக மறைந்திலது. ஆயினும் இடத்தை நோக்குமுன் பாடத்திட்டத்தை நோக்குதல் வேண்டும். மெய்யான வேற்றுமை அங்கேயே உளது. அமர்ஸ்ற்றிலே முதலாண்டுக் கருத்தரங்கு ஒன்றும், தாம் தெரியும் சிறப்புப் பாடத்துக்குரியனவும் ஒழிந்தால், கட்டாய பாடம் எதுவுமில்லை. வில்லியம்ஸிலோ கலையும் மொழியும், சமூகவியல்கள், விஞ்ஞானமும் கணிதமும் என்னும் முப்பிரிவுகள் ஒவ்வொன்றிலும் மும்மூன்று பாடங்களேனும் கற்றாக வேண்டும்.

சுதந்திரம் உள்ள இடமே சிறந்ததென இளைஞர் எளிதில் துணிவர். பிரித்தானிய முறையிலமைந்த உயர்தர வகுப்பிலிருந்து செல்பவர்க்கு அத்துணிவு ஐயத்துக்குரியது. பதினாறாம் வயதிலேயே மூன்று பாடங்களுக்குள் ஒடுங்கிய ஒருவன் கணிதமும் பௌதிகமும் இரசாயனமும் அன்றி வேறொன்றையும் கருத்தூன்றிக் கற்றிலன். தடையற்ற பாடத்திட்டத்திலே அவன் தனக்குப் பழகிய மூன்றையுமே மீண்டும் நாடுவான்; நான்காண்டின் முடிவில், கடல் கடந்தும் பழைய வகுப்பிலேயே இருந்தவனாவான். அவனுக்கு வில்லியம்ஸின் கட்டாயம் நன்மையே. இசையையும் உயிரியலையும் ஒருங்கே ஆழக் கற்க விரும்பி, அதற்கு நேரமின்றி வருந்துபவனுக்கு அமர்ஸ்ற்றின் முறை பெரும் பேறு.

வில்லியம்ஸின் 'ரியூற்றோரியல்' முறையும் தனியே குறிக்கத்தக்கது. ஓர் ஆசிரியர்முன் இரு மாணாக்கர் மட்டும் அமர்வர். ஒரு வாரம் ஒருவன் கட்டுரை எழுதி வாசிப்பான், மற்றவன் அதனை மறுத்தும் திருத்தியும் பேசுவான். அடுத்த வாரம் நிலை மாறும். ஒக்ஸ்போட் வழக்கைத் தழுவிய இம்முறையிலே ஒளிந்திருக்க இடமில்லை. ஆங்கிலம் தாய்மொழியல்லாத மாணாக்கன் முதலில் அஞ்சுவான். ஆசிரியர் சொன்னதை எழுதிக்கொள்வதே கல்வியெனப் பழகியவனோ இன்னும் மிக அஞ்சுவான். இவர்களுக்கே அது பெரிதும் பயன்படும்.

இனி இடம். வில்லியம்ஸ்ரவுன் சிற்றூர், குளிர்காலம் நீண்டது. நடந்துசெல்லும் தூரத்திலே கிளார்க் ஓவியக்கூடம் உண்டெனினும், அயலில் வேறு கல்லூரிகள் மிகுதியாக இல்லை. அமர்ஸ்ற் மாணாக்கரோ பேருந்தேறி மாநிலப் பல்கலைக்கழகத்திலும், ஸ்மித், மவுண்ற் ஹோலியோக் மகளிர் கல்லூரிகளிலும் மேலதிகக் கட்டணமின்றிப் பாடங் கேட்கலாம். தம் கல்லூரியிற் கற்பிக்கப்படாத மொழிகளையும் அங்குக் கற்கலாம். பல்கலைக்கழகத்தைச் சூழ்ந்து ஆசியப் பலசரக்குக் கடைகளும் உள. அரிசியும் மிளகாய்த் தூளும் அற்பமென எண்ணுபவர் பனிக்காலத்திற் றனித்திருந்து அறியாதவர். சனவரி மாதத்தையும் மறத்தலாகாது. வில்லியம்ஸில் அம்மாதம் ஒரே பாடத்தைக் கற்கும் குளிர்காலப் பயிற்சி நடைபெறும். அமர்ஸ்ற்றிற் கட்டாய வகுப்பு இல்லை. விமானச் செலவுக்கஞ்சி ஊர் திரும்பாத மாணாக்கனுக்கு வெறுமையான விடுதியில் ஒரு மாதம் நெடிது.

பலர்க்கு முடிவு செய்வது பணமே. 2024 ஆம் ஆண்டளவில் இரு கல்லூரிகளிலும் ஓராண்டு முழுச் செலவு 85,000 டொலரைக் கடந்துவிட்டது. சேர்த்துக்கொள்ளப்பட்டவரின் கணிக்கப்பட்ட தேவை முழுவதையும், அயல்நாட்டார்க்கும், இரண்டும் ஈடுசெய்வன. வில்லியம்ஸ் 2022 இல் உதவித் திட்டத்தினின்றும் கடனையும் கட்டாய வேலையையும் நீக்கியது. அமர்ஸ்ற் 2008 முதல் அயல்நாட்டு விண்ணப்பகாரரின் பொருள்நிலையைச் சேர்க்கை முடிவிற் கணக்கில் எடுப்பதில்லை. இது வாயிலில் மட்டுமே பயன்தரும் வேற்றுமை; உள்ளே அழைத்தபின் நோக்கவேண்டியது தொகையே. 'தேவை' என்பது குடும்பம் கருதும் தேவையன்று, கல்லூரி கணிக்கும் தேவை. ஆதலின் ஒரே குடும்பத்துக்கு இரு கல்லூரிகளும் வெவ்வேறு தொகை கூறக்கூடும். விமானச் செலவும் மருத்துவக் காப்புறுதியும் விடுமுறைக்கால உணவும் அதில் அடங்குமோ என்பதை எழுத்திற் கேட்டறிதல் வேண்டும்.

நவம்பரில் விண்ணப்பித்து, ஏற்கப்பட்டால் அங்கேயே சேர்வதாக வாக்களிக்கும் முறையும் இரண்டிலும் உண்டு. அவ்வாறு ஒரு கல்லூரிக்கே விண்ணப்பிக்கலாம்; அவ்வழிச் செல்பவர்க்கு இரு தொகைகளை ஒப்பிடும் வாய்ப்பு இல்லை. போதிய உதவி கிடையாதெனின் வாக்கினின்றும் விடுபடலாம் என்றாலும், ஒப்பிட்டே முடிவு செய்யவேண்டிய நிலையிலுள்ள குடும்பம் வழமையான சேர்க்கைக்குக் காத்திருப்பதே தக்கது. இரண்டு கடிதங்களும் கைக்கு வந்தபின், குறைந்த தொகை தந்த கல்லூரிக்கு மற்றதன் கடிதத்தைக் காட்டி மீள்பரிசீலனை கேட்பது அங்கு இழுக்கெனக் கருதப்படுவதில்லை.