குடிமங்கலம் உச்சிக்குப் போன கதை

உடுமலைப்பேட்டை வட்டாரத்து ஊர்ப் பெயர்கள் ஏழை அகரவரிசையில் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்: அமராவதிநகர், உடுமலை, கணியூர், குடிமங்கலம், கொழுமம், தளி, மடத்துக்குளம். பென்சிலால் எழுதுங்கள் கண்ணுகளா, ரப்பரும் பக்கத்தில் இருக்கட்டும். இந்தப் பெயர்கள் இன்றைக்கு நிறைய ஏறி இறங்கப் போகின்றன.

ஏழு பெயரில் கொழுமம் எங்கே என்று தேடக் கணினி எதற்கு? பத்து லட்சம் பெயர் இருந்தால்தான் வேலை. அப்போதும் அகரவரிசை கைகொடுக்கும். நடுவில் இருக்கும் பெயரைப் பார்ப்பது. தேடும் பெயர் அதற்கு முந்தியது என்றால் பின்பாதியை அப்படியே விட்டுவிடுவது. மிச்சத்தில் மறுபடி நடுவைப் பார்ப்பது. ஒவ்வொரு தடவையும் பாதி கழிந்துவிடுகிறது. பத்து லட்சத்துக்கு 20 தடவை பார்த்தால் போதும்.

தேடுவது சுலபம், சேர்ப்பதுதான் பாடு. குறிச்சிக்கோட்டையை விட்டுவிட்டோமே! அது குடிமங்கலத்துக்கும் கொழுமத்துக்கும் நடுவில் வரவேண்டும். நோட்டில் என்றால் இடுக்கில் பொடி எழுத்தில் எழுதிவிடுவீர்கள். கணினியின் நினைவகத்தில் பட்டியல் என்பது ஒன்றோடொன்று ஒட்டிய கட்டங்கள், இடுக்கே கிடையாது. கொழுமம் தொடங்கிக் கடைசிப் பெயர் வரைக்கும் ஆளுக்கொரு கட்டம் தள்ளி உட்கார வேண்டும். பத்து லட்சம் பெயர் உள்ள பட்டியலின் தலையில் ஒரு புதுப் பெயர் வந்தால் பத்து லட்சமும் நகர வேண்டியதுதான்.

அதனால் மரம் கட்டுகிறார்கள். கணினிக்காரர்களின் மரத்துக்கு வேர் மேலே, கிளை கீழே. ஒவ்வொரு கணுவிலும் ஒரு பெயர் இருக்கும். ஒரு கணுவின் இடப்பக்கம் தொங்குபவை எல்லாம் அகரவரிசையில் அதற்கு முந்தியவை, வலப்பக்கம் தொங்குபவை எல்லாம் பிந்தியவை. விதி அவ்வளவுதான். வரைந்து பாருங்கள்: உச்சியில் குடிமங்கலம், அதன் இடதில் உடுமலை, வலதில் தளி. உடுமலைக்குக் கீழே இடதில் அமராவதிநகர், வலதில் கணியூர். தளிக்குக் கீழே இடதில் கொழுமம், வலதில் மடத்துக்குளம். மொத்தம் மூன்று அடுக்கு. இப்போது குறிச்சிக்கோட்டை வருகிறது. குடிமங்கலத்துக்குப் பிந்தியது, வலப்பக்கம் போகிறது. தளிக்கு முந்தியது, இடப்பக்கம் திரும்புகிறது. கொழுமத்துக்கும் முந்தியது, அங்கே இடப்பக்கம் காலியாக இருக்கிறது, உட்கார்ந்துவிடுகிறது. வேறு யாரும் அசையவில்லை.

எது முந்தியது என்பதைக் கணினிக்கு முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தமிழில் இது கொஞ்சம் வம்பு பிடித்த வேலை. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் யூனிகோடில் ‘ன’வை ‘ந’வுக்கு அடுத்து வைத்திருக்கிறார்கள், நம் அகரவரிசையிலோ அது கடைசி. அந்த எண்களை மட்டும் பார்த்து அடுக்கும் கணினி, கபடிக்கு முன்னால் கனியை வைத்துவிடும். நல்லவேளை, நம் ஏழு ஊரிலும் இந்தத் தொல்லை இல்லை.

குடிமங்கலத்தை உச்சியில் வைத்தது நான். கணினி அப்படிப் பார்த்து வைக்காது. முதலில் வருகிற பெயர்தான் அதற்கு உச்சி. ஏழு பெயரையும் அகரவரிசையிலேயே ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பாருங்கள். அமராவதிநகர் உச்சியில் உட்காரும். உடுமலை அதற்கு வலப்பக்கம், கணியூர் உடுமலைக்கு வலப்பக்கம், குடிமங்கலம் கணியூருக்கு வலப்பக்கம். இப்படியே போய் மரம் என்று சொல்லக் கிளையே இல்லாமல் ஏழு அடுக்கில் ஒற்றைச் சங்கிலியாகத் தொங்கும். மடத்துக்குளத்தைத் தேட ஏழு பெயரையும் பார்க்க வேண்டும். பத்து லட்சம் பெயர் என்றால் பத்து லட்சம் பார்வை. பெயர்களைக் கன்னாபின்னாவென்று கலைத்துக் கொடுத்தால் மரம் பெரும்பாலும் ஓரளவு பரந்து வளரும். ஒழுங்காக அடுக்கிக் கொடுத்தால்தான் இந்த வினை. பள்ளி வருகைப் பதிவேடு, போன் எண் பட்டியல் என்று நிஜத்தில் நம் கைக்கு வருவதில் பாதி, ஏற்கெனவே அடுக்கி வைத்ததுதானே?

1962-இல் சோவியத் நாட்டின் இரண்டு கணித அறிஞர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கியோர்கி அதெல்சன்-வெல்ஸ்கி, எவ்கேனி லாண்டிஸ். கட்டுரை நாலே பக்கம். அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அந்த மரத்தை ஏவிஎல் மரம் என்கிறோம். இவர்களில் அதெல்சன்-வெல்ஸ்கி சதுரங்கப் பிரியர்களுக்கும் வேண்டியவர். 1966-67-இல் அவர் குழுவின் சதுரங்க நிரலும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு நிரலும் தந்தி மூலம் காய் நகர்த்தி மோதின. மாஸ்கோ 3-1 என்று வென்றது. 1974-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த முதல் உலகக் கணினிச் சதுரங்கப் போட்டியில் வென்ற ‘கைஸ்ஸா’வை உருவாக்கியவர்களிலும் அவர் ஒருவர்.

சாயும் மரத்துக்கு அதெல்சன்-வெல்ஸ்கியும் லாண்டிஸும் கண்ட வழி இதுதான். ஒவ்வொரு கணுவும் தன் இடப்பக்கம் எத்தனை அடுக்கு, வலப்பக்கம் எத்தனை அடுக்கு என்று கணக்கு வைத்திருக்கும். வித்தியாசம் 1 வரை போகலாம். 2 ஆகிவிட்டால் உடனே அந்த இடத்தில் ஒரு சுழற்சி. ஒரு பூச்சரத்தை நுனியில் பிடித்தால் முழு நீளத்துக்குத் தொங்கும். நடுப்பூவைப் பிடித்துத் தூக்கினால் இரண்டு பக்கமும் சரிந்து உயரம் பாதியாகும். சுழற்சி என்பது அந்தத் தூக்கல்தான்.

மறுபடி முதலிலிருந்து போவோம். அமராவதிநகர், அதற்கு வலதில் உடுமலை. வித்தியாசம் 1, பரவாயில்லை. கணியூர் வந்ததும் அமராவதிநகரின் இடப்பக்கம் 0, வலப்பக்கம் 2. உடுமலையைத் தூக்கு: உடுமலை உச்சிக்குப் போக, இடதில் அமராவதிநகர், வலதில் கணியூர். குடிமங்கலம் வந்து கணியூரின் வலதில் உட்கார்கிறது, அதுவும் சரி. கொழுமம் வந்ததும் கணியூர் சாய்கிறது. குடிமங்கலத்தைத் தூக்கினால் அதன் இரு பக்கமும் கணியூரும் கொழுமமும். அடுத்தது தளி. அது கொழுமத்தின் வலதில் தொங்கியதும் உச்சியில் இருக்கும் உடுமலையின் கணக்கைப் பாருங்கள்: இடதில் 1, வலதில் 3.

இந்த இடத்தில் நிதானமாக வரையுங்கள். உடுமலையின் வலதில் இருக்கும் குடிமங்கலத்தைத் தூக்க வேண்டும். அது உச்சிக்குப் போனால் உடுமலை அதற்கு இடப்பக்கம் இறங்கும். அந்த இடத்தில்தான் ஏற்கெனவே கணியூர் இருக்கிறதே! “ஏனுங்க, அப்ப கணியூர் எங்கீங்க போகும்?” என்று நீங்கள் கேட்க வேண்டிய இடம் இது. கணியூர் உடுமலைக்குப் பிந்தியது, குடிமங்கலத்துக்கு முந்தியது. குடிமங்கலம் எழுந்து போனதால் உடுமலையின் வலப்பக்கம் இப்போது காலி. அந்த இடத்துக்கு வரவேண்டியது உடுமலைக்குப் பிந்தியதாகவும் குடிமங்கலத்துக்கு முந்தியதாகவும் இருக்க வேண்டும். கணியூருக்கென்றே அளவெடுத்த இடம்! தற்செயல் என்று நினைக்காதீர்கள், எந்த மரத்தில் எந்தச் சுழற்சி செய்தாலும் இப்படியேதான் பொருந்தும். கணியூருக்குக் கீழே பத்தாயிரம் ஊர் தொங்கினாலும் அத்தனையும் கணியூரோடு சேர்ந்து ஒரே கணத்தில் இடம் மாறிவிடும். அவற்றில் ஒன்றையும் தொட வேண்டாம். எனக்கு இந்த மரத்தில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

கடைசியாக மடத்துக்குளம் வரும்போது கொழுமம் சாயும், தளியைத் தூக்க வேண்டும். முடிந்தது. நான் வரையச் சொன்ன அதே மூன்றடுக்கு மரம், நான்கே தூக்கலில்.

வித்தியாசம் 1 வரைக்கும் ஏன் விட்டுக்கொடுத்தார்கள், கறாராக எப்போதும் முடிந்தவரை குட்டையாகவே வைத்திருக்கலாமே என்று தோன்றும். அதையும் செய்து பார்த்துவிடலாம். மடத்துக்குளத்தை அழித்துவிடுங்கள். ஆறு பெயர், மூன்று அடுக்கு. இப்போது அடிவள்ளி வருகிறது, அமராவதிநகருக்கும் முந்தியது. ஏழு பெயரை மூன்றே அடுக்கில் அடக்க ஒரே ஒரு வடிவம்தான் உண்டு: உச்சியில் கணியூர், அதன் இருபுறம் அமராவதிநகரும் கொழுமமும், அடியில் அடிவள்ளி, உடுமலை, குடிமங்கலம், தளி. பழைய படத்தோடு ஒப்பிடுங்கள். ஆறில் ஒருவர்கூடப் பழைய அடுக்கில் இல்லை! ஒரே ஒரு ஊர் வந்ததற்கு ஊர் முழுக்க வீடு மாறியிருக்கிறது. ஏவிஎல் மரத்திலோ அடிவள்ளி பேசாமல் அமராவதிநகரின் இடப்பக்கம் தொங்கும். உச்சியில் இடது 3, வலது 2. வித்தியாசம் 1, யாரும் எழுந்திருக்க வேண்டாம். ஓர் அடுக்குத் தளர்வில் எவ்வளவு வேலை மிச்சம்!

அந்தத் தளர்வால் மரம் எவ்வளவு உயரம் போய்விடும்? 4 அடுக்கு உயரம் வர, வித்தியாசம் எங்கும் 1-ஐத் தாண்டாமல், குறைந்தது எத்தனை பெயர் வேண்டும்? உச்சியில் ஒன்று, ஒரு பக்கம் 3 அடுக்கு மரம், மறுபக்கம் 2 அடுக்கு மரம். இரண்டும் முடிந்தவரை மெலிந்தவையாக இருக்கட்டும். ஓரடுக்கு மரத்திலிருந்து தொடங்கி இப்படிக் கணக்குப் போட்டால் 1, 2, 4, 7, 12, 20, 33 என்று போகும். முந்தைய இரண்டையும் கூட்டி ஒன்று சேர்த்தால் அடுத்தது. ஒவ்வொன்றோடும் 1 கூட்டிப் பாருங்கள்: 2, 3, 5, 8, 13, 21, 34. முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் ஃபிபொனாச்சி எண்கள்! ஃபிபொனாச்சி என்ற கணித அறிஞர் 1202-இல் எழுதுவதற்கு முன்பே ஹேமச்சந்திரர் போன்ற நம் நாட்டு யாப்பு அறிஞர்கள் இவற்றைக் கண்டிருந்தார்கள். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. நான்கு மாத்திரையை எத்தனை விதமாக நிரப்பலாம் என்று எண்ணிப் பார்த்தால் 5 வரும். நம் மரத்துக்குத் திரும்புவோம். 28 அடுக்குக்குக் குறைந்தது 8,32,039 பெயர் வேண்டும், 29 அடுக்குக்கு 13,46,268. ஆகவே பத்து லட்சம் பெயர் உள்ள ஏவிஎல் மரம் எவ்வளவு கோணலாக வளர்ந்தாலும் 28 அடுக்கைத் தாண்டாது.

இன்னும் தளர்த்திப் பார்த்தவர்களும் உண்டு. 1972-இல் ருடால்ஃப் பேயர் போட்ட பாதையில், 1978-இல் லியோனிடாஸ் கிபாஸும் ராபர்ட் செட்ஜ்விக்கும் கணுக்களுக்குச் சிவப்பு, கருப்பு என்று நிறம் கொடுத்து ஒரு மரம் செய்தார்கள். அதில் மிக நீளமான கிளை, மிகக் குட்டையானதைப் போல இரண்டு மடங்குவரை போகலாம். ஏவிஎல் மரத்தில் ஒரு பெயரை நீக்கினால் சில சமயம் அடியிலிருந்து உச்சிவரை அடுக்கடுக்காகத் தூக்க வேண்டி வரும். இந்தச் சிவப்பு-கருப்பு மரத்தில் மூன்று சுழற்சிக்குள் முடிந்துவிடும். உங்கள் வீட்டு ஆண்ட்ராய்டு போனுக்குள் இந்த மரம் இருக்கிறது. ஆண்ட்ராய்டுக்கு அடித்தளம் லினக்ஸ். ஒரே நேரத்தில் பாட்டும் வாட்ஸ்அப்பும் கேமும் ஓடும்போது அடுத்து யாருக்கு முறை என்று முடிவு செய்ய, 2007-இல் இங்கோ மோல்னார் லினக்ஸில் இந்த மரத்தையே பயன்படுத்தினார். அவர் முறையில் யார் எவ்வளவு நேரம் ஓடினார் என்பதே அகரவரிசையாக இருந்தது. குறைவாக ஓடியவர் இடக்கோடியில் இருந்தார். அவரை எடுத்துச் சில மில்லி நொடி ஓடவிட்டு, கூடிய கணக்கோடு வலப்பக்கமாகத் திருப்பிச் சேர்த்தார்கள். இடதில் எடுத்து வலதில் சேர்த்துக்கொண்டே இருந்தால், தானாக நிமிரத் தெரியாத மரம் என்ன கதிக்கு ஆளாகும் என்பது உங்களுக்கு இப்போது தெரியும்.

ஒரு புதிர் பாக்கி இருக்கிறது. அமராவதிநகர், கணியூர், உடுமலை என்ற வரிசையில் மூன்றை மட்டும் சேருங்கள். உடுமலை போய்க் கணியூரின் இடப்பக்கம் தொங்கும். உச்சியில் வித்தியாசம் 2. நடுவில் இருக்கிறதே என்று கணியூரைத் தூக்கிப் பாருங்கள். மரம் மறுபக்கம் அதே அளவு கோணிக்கொண்டு நிற்கும். அப்படியானால் யாரைத் தூக்க வேண்டும், எத்தனை முறை?