அடுக்குப் பானை சொல்லும் கணக்கு

பெரம்பலூர் மாவட்டத்துக் குரும்பலூரில் ஒரு வீட்டின் அடுக்களைக்குள் நுழைவோமா? கற்பனை வீடுதான். ஆனால் இது போன்ற வீடு உங்கள் தெருவிலும் இருக்கும்.

காலை ஆறரை மணி. பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்பட வேண்டும். வடைச்சட்டியை எடுக்க அம்மா அடுப்பு மேடைக்குக் கீழே குனிகிறார். கடப்பைக் கல் தட்டின் கோடியில் இருக்கிறது சட்டி. அதற்கு முன்னால் குக்கர். குக்கரின் மேல் குண்டான். குண்டானின் மேல் நான்கு மூடிகள். மேலே இருப்பவற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையை உள்ளே விடுகிறார். டணார்! மூடிகள் உருண்டு கூடம் வரை ஓடுகின்றன.

"பாத்திரம் அதிகமாகிவிட்டது, இடம் போதவில்லை" என்கிறார் அம்மா. உண்மையில் இடம்தான் போதவில்லையா? ஒரு பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பாட்டியின் அடுக்குப் பானை

பழைய ஓட்டு வீடுகளில் அடுக்களையின் மூலையில் அடுக்குப் பானை இருக்கும். பிரிமணையின் மேல் ஒரு பெரிய பானை. அதன் வாயின் மேல் அதைவிடச் சிறியது. அதற்கு மேல் இன்னும் சிறியது. இப்படி நான்கைந்து பானைகள் கோபுரம் போல நிற்கும். பருப்பு, புளி, மிளகாய், விதைத் தானியம் ஆகியவை அவற்றில் இருக்கும். நான்கு பானைகளுக்கு வேண்டிய தரை ஒரு பானைக்கு உரிய இடந்தான். கனமான பெரிய பானை அடியில் இருப்பதால் புவியீர்ப்பு மையம் தாழ்ந்திருக்கும். அடுக்கு எளிதில் சாயாது. வளைந்த அடிப்பாகம் உருளாதபடி பிரிமணை பார்த்துக்கொள்ளும்.

எந்தப் பானையில் எதைப் போடுவது? இங்குதான் பாட்டியின் அறிவு வெளிப்படுகிறது. நான்கு பானைகள் உள்ளன என்று கொள்வோம். முதல் பொருள் வாரத்துக்கு 14 முறை தேவைப்படுகிறது. இரண்டாவது 7 முறை, மூன்றாவது 3 முறை, நான்காவது ஒரே முறை.

அடிக்கடி தேவைப்படுவதை உச்சியில் வைத்தால், அதை எடுக்க வேறு எந்தப் பானையையும் தூக்க வேண்டாம். இரண்டாவதை எடுக்க ஒரு பானையை இறக்க வேண்டும். 7 முறைக்கு 7. மூன்றாவதற்கு இரண்டு பானைகள். 3 முறைக்கு 6. நான்காவதற்கு மூன்று பானைகள். ஒரு முறைக்கு 3. மொத்தம் 16. இறக்கியதைத் திரும்ப ஏற்றவும் வேண்டுமல்லவா? ஆகவே வாரத்துக்கு 32 அசைவுகள்.

இப்போது வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள். அடிக்கடி தேவைப்படுவது அடியில் போய்விட்டது. 14 முறைக்கு மும்மூன்று பானைகள், அதாவது 42. அடுத்ததற்கு 7 × 2 = 14. அதற்கடுத்ததற்கு 3 × 1 = 3. மொத்தம் 59, இருமடங்கு 118.

பானைகள் அவையே; இடமும் அதுவே. ஆனால் ஒரு வாரத்தில் 32 அசைவு எங்கே, 118 அசைவு எங்கே! ஆண்டுக்குக் கணக்கிட்டால் 4,472 அசைவுகள் வீண். அத்தனையும் ஒருவருடைய தோளும் இடுப்பும் முழங்காலும் செய்யும் வேலை. குரும்பலூர் அம்மாவின் தட்டில் குறைவாக இருந்தது இடமன்று என்பது இப்போது புரிகிறதா? அங்கே வரிசைதான் தவறியிருந்தது.

ஒன்றுக்குள் ஒன்று

இன்றைய எவர்சில்வர் குண்டான்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைக்கிறோம். 26, 24, 22, 20, 18 செ.மீ. விட்டமுள்ள ஐந்து குண்டான்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் விட்டத்தைப் பக்கமாகக் கொண்ட ஒரு சதுரம் ஒதுக்கினால், தனித்தனியே வைக்க 2,460 சதுர செ.மீ. தேவை. ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தால் 676 சதுர செ.மீ. போதும். ஏறக்குறையக் கால் பங்கு இடத்தில் வேலை முடிந்துவிட்டது!

ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. அடுக்குப் பானையில் எந்தப் பொருளை எங்கே வைப்பது என்பது பாட்டியின் விருப்பம். இங்கே வரிசையை முடிவு செய்வது பாத்திரத்தின் அளவு. தினமும் சோறு வடிக்கும் குண்டான் 26 செ.மீ. என்றால், அது எப்போதும் வெளியே அடியில்தான் இருக்கும். அதை எடுக்க உள்ளே உள்ள நான்கையும் தூக்கியாக வேண்டும். எனவே தினமும் புழங்குவதைத் தனியே வையுங்கள். பண்டிகைக்கும் விருந்துக்கும் மட்டும் எடுப்பவற்றை ஒன்றுக்குள் ஒன்றாக வையுங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அடுப்பிலிருந்து இறக்கிய சூடான பாத்திரத்துக்குள் குளிர்ந்த பாத்திரத்தை வைத்தால், சில வேளை இரண்டும் பிரியாமல் இறுகிவிடும். ஏன்? வெப்பத்தால் உலோகம் விரிகிறது. 20 செ.மீ. விட்டமுள்ள எவர்சில்வர் பாத்திரம் 50 டிகிரி செல்சியஸ் சூடேறினால், அதன் விட்டம் சுமார் 0.17 மி.மீ. கூடும். ஒரு தாளின் தடிமன் ஏறத்தாழ 0.1 மி.மீ. தான். வெளிப்பாத்திரம் ஆறும்போது அந்த அளவு சுருங்கி, உள்ளே இருப்பதைக் கவ்விக்கொள்கிறது. பிரிப்பது எப்படி? உள்பாத்திரத்தில் குளிர்ந்த நீரை ஊற்றி, வெளிப்பாத்திரத்தை வெந்நீரில் வைக்க வேண்டும். உள்ளது சுருங்கும், வெளியே உள்ளது விரியும். சுத்தியல் தேவையில்லை! வெந்நீரைக் கையாளும்போது மட்டும் பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

பாத்திரம் நம்மிடம் வரட்டும்

அடுப்பு மேடைக்குக் கீழுள்ள தட்டு சுமார் 55 செ.மீ. ஆழம் இருக்கும். முன்னால் ஒரு வரிசை, பின்னால் ஒரு வரிசை. உற்று நோக்கினால் இதுவும் படுக்கவைத்த அடுக்குப் பானைதான்! பின்னால் இருப்பதை எடுக்க முன்னால் இருப்பதை நகர்த்த வேண்டும்.

இந்தத் தொல்லையைத் தீர்ப்பது இழுப்பறை. நாம் குனிந்து உள்ளே போவதற்குப் பதில் பாத்திரம் வெளியே வருகிறது. மேலிருந்து பார்த்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரிகின்றன. உட்புறம் 75 செ.மீ. அகலமும் 50 செ.மீ. ஆழமும் உள்ள ஓர் இழுப்பறையில் நம் ஐந்து குண்டான்களும் தனித்தனியே அடங்குமா? 26, 24, 22 ஒரு வரிசை: அகலம் 72 செ.மீ. அடுத்த வரிசையில் 20, 18: அகலம் 38 செ.மீ. இரு வரிசைகளின் ஆழம் 26 + 20 = 46 செ.மீ. அடங்கிவிட்டது! மூலையில் கொஞ்சம் இடமும் மிச்சம். ஒன்றை எடுக்க மற்றொன்றைத் தொட வேண்டியதில்லை.

உடலுக்கும் இதனால் நன்மை உண்டு. 4 கிலோ எடையுள்ள குக்கரைத் தோளிலிருந்து 50 செ.மீ. தள்ளிப் பிடித்தால், தோளின் மேல் விழும் திருப்புத்திறன் சுமார் 20 நியூட்டன்-மீட்டர். 20 செ.மீ. தூரத்தில் பிடித்தால் அது 8 தான். எடை குறையவில்லை, தூரம் குறைந்தது. நெம்புகோல் பாடத்தில் படித்ததுதானே!

இழுப்பறை எளிதில் நகர வேண்டும். மரத்தின் மேல் மரம் உராய்ந்தால், எடையில் கால் பங்கு முதல் பாதி வரை விசை தேவைப்படும். தச்சர்கள் 'சேனல்' என்று சொல்லும் இரும்புத் தடத்தில் சிறு குண்டுகள் உருள்வதால், இந்த விசை மிகவும் குறைகிறது. சேனல் எத்தனை கிலோ தாங்கும் என்று வாங்கும்போதே கேட்டறிய வேண்டும். பாத்திரங்களின் எடையைக் கூட்டிப் பார்ப்பதும் அவசியம்.

கனமானவை அடி இழுப்பறையில் இருக்கட்டும். சுவரில் பொருத்தாத அலமாரியில் இரண்டு மூன்று இழுப்பறைகளை ஒரே நேரத்தில் இழுத்தால், புவியீர்ப்பு மையம் முன்கால்களைத் தாண்டிவிடும். அலமாரி நம் மேலேயே சாயும். குழந்தைகள் உள்ள வீட்டில் அலமாரியைச் சுவரோடு திருகாணியால் இறுக்குவது கட்டாயம்.

இழுப்பறையின் உயரம் எவ்வளவு? உள்ளே வைக்கும் பாத்திரத்தின் உயரத்தோடு 2 அல்லது 3 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். இட்லிக் குண்டான் போன்ற உயரமானவற்றுக்கு அடி இழுப்பறை. மூடிகளை அங்கேயே புத்தகம் போல நிறுத்தி வைக்கலாம். படுக்கவைத்த மூடிகளில் அடி மூடியை எடுக்க எத்தனை அசைவு என்று உங்களுக்கே தெரியும்.

எல்லா வீட்டிலும் தச்சரை அழைத்து இழுப்பறை செய்ய வசதி இருக்குமா? கவலை வேண்டாம். தக்காளி வரும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைத் தட்டின் மேல் வைத்து, அதற்குள் பாத்திரங்களை அடுக்குங்கள். பெட்டியை முன்னே இழுத்தால் பின்வரிசையும் கூடவே வரும். அதுவும் இழுப்பறைதான்!

கடிகாரம் ஏந்திய சமையலறை

இந்தக் கணக்கை உலகின் பிற பகுதிகளிலும் போட்டுப் பார்த்தார்கள். ஆஸ்திரிய நாட்டுக் கட்டடக் கலைஞர் மார்கரெட் ஷுட்டே-லிஹோட்ஸ்கி, 1926-ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். வேலைகளுக்கு ஆகும் நேரத்தைக் கடிகாரம் கொண்டு அளந்து, ரயில் வண்டிச் சமையலறைகளையும் ஆராய்ந்து இதை உருவாக்கினார். அரிசி, சர்க்கரை முதலியவற்றுக்குப் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள். மாவுக்கு மட்டும், பூச்சியை விரட்டும் என்று ஓக் மரப் பெட்டி. ஏறத்தாழ 10,000 வீடுகளில் இது அமைந்தது. அதுவரை தாம் சமைத்ததே இல்லை என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். அளந்து பார்த்ததுதான் அவருக்குத் துணை!

அமெரிக்கப் பொறியியலாளர் லில்லியன் கில்பிரெத் 1929-இல் தம் மாதிரிச் சமையலறையில் பொருள்களை மாற்றி வைத்தார். ஒரு கேக் செய்ய 281 அடிகள் நடக்க வேண்டியிருந்தது 45 அடிகளாகக் குறைந்தது.

வெங்காயப் பட்டறையின் பாடம்

பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டுச் சேமிப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். பட்டறையில் காற்று ஊடுருவ வேண்டும். ஈரம் தங்கினால் வெங்காயம் அழுகிவிடும். மூடிய இழுப்பறைக்கும் இது பொருந்தும். ஈரத்தோடு உள்ளே போன இரும்புத் தோசைக்கல் துருப்பிடிக்கும், பித்தளையில் களிம்பு ஏறும், கரப்பான் குடியேறும். பாத்திரத்தை உலர்த்தி, தோசைக்கல்லில் எண்ணெய் தடவி வைக்க வேண்டும். இழுப்பறையின் பின்புறம் சில துளைகள் இருந்தால் நல்லது.

நீங்களும் செய்து பாருங்கள்

அடுக்களைச் சுவரில் ஒரு தாளை ஒட்டுங்கள். பாத்திரங்களின் பெயர்களை வரிசையாக எழுதுங்கள். ஒரு வாரம், ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் அதன் பெயருக்கு நேரே ஒரு கோடு. அதை எடுக்க வேறு எத்தனை பாத்திரங்களை நகர்த்த வேண்டியிருந்தது என்பதையும் குறியுங்கள். வார முடிவில் கூட்டிப் பாருங்கள். அதிகக் கோடு பெற்றவை இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்துக்கு வரட்டும். கனமானதாக இருந்தால் மேடையின் மேலேயே இருக்கட்டும். ஒரு கோடும் பெறாதவை பரணுக்குப் போகலாம். அடுத்த வாரமும் எண்ணி, இரண்டு தொகைகளையும் ஒப்பிடுங்கள்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். சமைப்பவரைக் கேட்காமல் எதையும் இடம் மாற்றாதீர்கள். இருட்டிலும் கை நீட்டினால் இன்ன பாத்திரம் கிடைக்கும் என்ற பழக்கம் அவருடையது; அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பாட்டிக்கு முழங்கால் வலி இருந்தால் அவருக்கு எட்டும் உயரம் எது, குனிய முடியாத உயரம் எது என்று முதலில் அவரிடமே கேளுங்கள். பிறகு நாடாவை எடுத்து அளவுங்கள். அந்த அளவிலிருந்து தொடங்கட்டும் உங்கள் திட்டம்.