உங்களுக்குத் தெரியுமா? பங்களாவின் தாய் ஒரு குடிசை

1792இல் தருமபுரி அடங்கிய பாராமகால் பகுதி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. வரிவசூலைச் சீரமைக்க வந்த அலெக்சாண்டர் ரீடுக்கு உதவியாளராக 1799 வரை பணியாற்றிய தாமஸ் மன்றோ, தருமபுரியில் வீடும் தோட்டமுமாக வாழ்ந்தார்.

அந்தக் காலத்தில் அவரைப் போன்ற கம்பெனி அதிகாரிகள் வெயில் ஊர்களில் விரும்பிக் கட்டிய பங்களா, அவர்கள் கப்பலில் கொண்டுவந்த வடிவம் அல்ல. வங்காளத்து உழவர் குடிசையிலிருந்து பிறந்தது அது. உயர்த்திய மேடை, தாழ இறங்கும் கூரை, சுற்றிலும் தாழ்வாரம். சுவரில் வெயில் நேராக விழாது. சாரலும் உள்ளே வராது. பெயர் தெரியாத அந்த உழவர்கள்தான் இதன் உண்மையான கட்டடக் கலைஞர்கள்.

பிறகு இந்த வடிவம் கடல் தாண்டியது. 1870 வாக்கில் இங்கிலாந்தின் கென்ட் கடற்கரையில், வெஸ்ட்கேட், பிர்ச்சிங்டன் ஊர்களில் ஓய்வு வீடுகளாக எழுந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் நடுத்தரக் குடும்பங்களின் வீடானது. அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனம் 1908 முதல் 1940 வரை வீட்டுக்கான மரம், கதவு, ஆணி எல்லாவற்றையும் ரயிலில் அனுப்பி விற்றது. அப்படி விற்ற வீடுகளில் பங்களாக்கள் ஏராளம்.

நம் ஊர்களிலோ அது அரசுப் பயணியர் விடுதியாக, மக்கள் வாயில் ‘டி.பி.’யாக (டிராவலர்ஸ் பங்களா) நிலைத்தது.

தருமபுரி வெயிலில் இப்போது எழும் கான்கிரீட் வீடுகள் பலவற்றில் தாழ்வாரமே இல்லை. புது வீடு கட்டுகிறீர்களா? மேற்குச் சுவருக்காவது அகலமான தாழ்வாரம் விடுங்கள்.